உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத செல்போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றேன். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற சுபாவம் எனக்கு.

எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாக வருகிறவர் கோச்சடை ஊர்க்கார அக்கா ஒருவர். சொந்தமாக நெல் அறுக்கும் மிஷின் வைத்திருக்கிறார். அறுப்புக் காலத்தில் நோட்டில் நாள் குறிக்கும்போது ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவார். விவசாயிகளே போனில் நாள் பதிந்துகொள்ள ஒரு இணையப் பக்கம் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். செய்தும் கொடுத்தேன்.

அதைப் போட்டு வைத்தது, பலபேர் பங்கு போட்டுக்கொள்ளும் சர்வர் என்ற வாடகைக் கணினியில். காம்பவுண்டு வீடு மாதிரிதான். தண்ணீர்த் தொட்டி ஒன்று, குடித்தனம் நிறைய. ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. தாண்டினால் நம் குழாயை மட்டும் அடைத்துவிடுவார்கள்.

பக்கம் எந்த நேரம் படுத்துவிடுமோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை. பட்டறைக் கணினியில் இன்னொரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை அது பக்கத்தைத் திறந்து பார்க்கும். பதில் தாமதமானால் காத்திருக்காமல் மறுபடியும் தட்டும்.

மழை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட ஒரு காலை. எல்லோருக்கும் சீக்கிரம் அறுக்க வேண்டும். எட்டு மணிக்கே அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, பக்கம் தொறக்க மாட்டேங்குது. ஆளுக எனக்குப் போன் போட்டு ஏசுறாங்க. பன்னெண்டு மணிக்குள்ள வரலேன்னா நான் பழையபடி நோட்டத் தூக்கிருவேன். பெறகு என்னைய ஒண்ணும் சொல்லாத."

பக்கத்தின் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தப்பு தெரியவில்லை. கடைசியில் சர்வர்க்காரர்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தமிழ்தான்.

"அளவு தாண்டிருச்சுங்க. உங்க பக்கத்த ஒரே ஆளு விடாம தொறந்துக்கிட்டே இருக்காரு. யாராச்சும் வேணும்னே பண்றாங்களா?"

"யாருங்க அது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் அந்த இணைப்பின் எண்ணைப் படித்தார். எழுதி வைத்து, பட்டறைக் கணினியில் சரிபார்த்தேன். எங்கள் பட்டறையின் எண்!

விவசாயிகள் கூட்டமாக வந்ததில் பக்கம் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது. உடனே என் காவல்கார நிரல் மேலும் மேலும் தட்டியிருக்கிறது. அக்காவின் குழாயை அடைத்தது நான்தான். காவலை நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் பக்கம் எழுந்துவிட்டது. அப்போது மணி பதினொன்று.

அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். சிரிப்பை அடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏப்பா, புள்ள தூங்குதான்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எழுப்பிப் பாத்தா, அது எப்பத்தேன் தூங்கும்?"

"பயம்க்கா."

"இம்புட்டுப் பயந்தா எப்புடி? சரி, நாலு பேரு நாள் பதிஞ்சிட்டாக. ஒருத்தருக்கும் நாள் மோதல. நோட்ட உள்ள வச்சிட்டேன். இனிமே நீ பாக்காத. பக்கம் வரலேன்னா நானே கூப்புடுறேன். போன் வரலேன்னா உசுரோட இருக்குன்னு வச்சுக்க."

மறுநாள் முழுக்க போன் வரவில்லை. மிஷின் மேற்கே வயல் வயலாக ஓடிக்கொண்டிருந்தது. நான் லேத்தில் நின்று நிம்மதியாக வேலை பார்த்தேன். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.