லவோன் சொல்லாத வார்த்தை

விளம்பரம் ஓடும் இடைவெளியில்தான் லவோன் ஹ்ருஸ்கா சூரியகாந்தி விதை கொறிப்பாள். விதை வாய்க்குள், தொலி காபிக் கோப்பைக்குள். தீவனக் கடை விளம்பரம் முடிந்து மைதானத்து இரைச்சல் திரும்பும்போது வாய் காலியாக இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தொலிச் சத்தம்கூட ஒலிபரப்பில் போனதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரான பிளம் ஃபோர்க்கின் கடைசியில், சோளக்காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கோபுரமும். அதுதான் எங்கள் வானொலி. எங்கள் வட்டார பேஸ்பால் அணிக்குக் 'கொக்குகள்' என்று பெயர். கொக்குகள் எங்கே ஆடினாலும் அங்கிருந்து வரும் வர்ணனையை வாங்கி எங்கள் காதில் போடுவது லவோனின் வேலை. நடுநடுவே காணாமற்போன நாய், தேவாலய விருந்து, ஆட்ட நிலவரம் என்று தன் குரலிலும் வாசிப்பாள். பக்கத்தில் டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கும் நான் ஞாயிறு மாலைகளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டு நாற்காலியைவிட அங்குள்ளது மெத்தென்றிருக்கும் என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம்.

உண்மையான காரணம் ஆட்டத்தின் நடுவே வரும் ஒரு நேரம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வர்ணனையாளர் ஒன்றும் பேசமாட்டார். கூட்டத்தின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். அதே முணுமுணுப்பு அந்நேரம் அறுவடை வண்டிகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பாத்திரம் கழுவும் சமையலறைகளிலும் கேட்டுக்கொண்டிருக்கும். சோளத்தின் மேல் காற்று போகிறதா, கூட்டம் மூச்சு விடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லவோன் கண்ணை மூடிக்கொள்வாள். மைதானத்துக்கு அவள் போனது ஒரே ஒரு தடவை. "போயிப் பாத்தேன். ரொம்பச் சின்னதா இருந்துச்சு. இங்கேயே நல்லாத் தெரியுது" என்றாள்.

அவளுக்கு ஒரு பழைய கெட்ட பெயரும் உண்டு. பேஸ்பாலில் ஒரு பந்துவீச்சாளன் ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூட விட்டுக்கொடுக்காமல் போனால் அதற்கென்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஆட்டம் முடியுமுன் அதைச் சொன்னால் கண்பட்டுவிடும். அதனால் நானும் இங்கே எழுதப்போவதில்லை. லவோன் ஒருமுறை நிலவரம் வாசிக்கும்போது வாய் தவறி அதைச் சொல்லிவிட்டாள். அடுத்த பந்தே வேலிக்கு வெளியே போனது. அன்று முதல் விருந்துகளில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "லவோன், இன்னைக்கு ஆலங்கட்டி மழை வராதுன்னு மட்டும் சொல்லிடாத தாயே!" அவளும் விடமாட்டாள். "சொல்லுறேன், உன் காட்ட மட்டும் பேர் சொல்லியே சொல்லுறேன், பொறு!"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் உள்ளே அது முள்ளாகத் தைத்திருந்தது எனக்குத் தெரியும்.

போன ஆகஸ்டில் கொக்குகளுக்காகப் பந்து வீசியது எங்கள் ஊர்ப் பையன் வெஸ்லி வாசெக். இந்தப் பருவத்தோடு அணி அவனைக் கழற்றிவிடப் போகிறது என்று பேச்சு. அப்பன் எமெட்டுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மணல் மேடுகளுக்குப் பின்னால், கைப்பேசிக் கோபுரம் எட்டிப் பார்க்காத பள்ளத்தில், தனி வீட்டில் வானொலியோடு கிடந்தான். ஆறாவது சுற்று முடிந்தது. எதிரணியால் ஒரு நல்ல அடிகூட அடிக்க முடியவில்லை. ஏழு. எட்டு. லவோன் நிலவரம் வாசித்தபோது ஓட்டக் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். விதைப் பொட்டலத்தைத் தொடவேயில்லை.

நடுவில் பெய்த மழையால் ஆட்டம் இழுத்துவிட்டது. கடைசிச் சுற்றான ஒன்பதாவது தொடங்கும்போது எங்கள் ஜன்னலில் வெயில் செம்மண் நிறமாகியிருந்தது. சூரியன் இறங்கியதும் நாங்கள் ஒலிபரப்புச் சக்தியைக் குறைத்தாக வேண்டும், சட்டம் அப்படி. இருட்டில் வானொலி அலைக்குக் கால் முளைத்து எங்கெங்கோ போய்விடும். விசையைத் திருப்பினால் எங்கள் குரல் ஊரைத் தாண்டாது. எமெட்டின் பள்ளத்தில் வெறும் கரகரப்புதான் மிஞ்சும்.

"இன்னும் மூணு பேர் அவுட்டாகணும், அவ்வளவுதான். கொஞ்சம் விட்டுப் பிடி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"டெக்சாஸ்ல எவனோ ஒருத்தனுக்குத் தெரியும்" என்றாள் லவோன். "இதே அலைவரிசையில அவன் ஊர் ஸ்டேஷன்ல அவன் மகன் ஆடிட்டிருப்பான். நடுவுல நம்ம சத்தம் போய் விழும்."

"எமெட் பாவம்டீ!"

"எனக்குத் தெரியாதா? வாய மூடு."

கோபித்துக்கொண்டு எழுந்தேன். சட்டத்தையும் டெக்சாஸ்காரனையும் மனதாரத் திட்டினேன். முதல் ஆள் அவுட். கடைசி வெளிச்சம் சோள நுனிகளை விட்டது. லவோன் விசையைத் திருப்பினாள். பண்ணை பண்ணையாக எங்கள் குரல் பின்வாங்கி வருவதை நான் கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது.

அவள் உடனே மேஜைத் தொலைபேசியை இழுத்து எண்களைச் சுழற்றினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "யாரு? என் ரேடியோ செத்துப்போச்சு! யாரது, பேசித் தொலைங்களேன்!" என்று எமெட் கத்தியது எனக்கே கேட்டது.

லவோன் ரிசீவரை ஒலிபெருக்கியின் வாயோடு சேர்த்து வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். மைதானத்தின் முணுமுணுப்பு அதற்குள் இறங்கியது. அந்தப் பக்கம் கத்தல் நின்றுபோனது. இரண்டாவது ஆளும் அவுட் என்றார் வர்ணனையாளர். லவோன் இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.