அஞ்சலாட்சி போய்வந்த தீவு

கருவடிக்குப்பத்து அஞ்சலாட்சி வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே கடற்கரைப் படங்களும் ஒட்டியிருந்தன. எல்லாம் தபால் அட்டைகள். ஒன்றில் தென்னை மரம் தண்ணீர் மேல் சாய்ந்து கிடக்கும். இன்னொன்றில் வெள்ளை மணலில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அவள் புருஷன் கன்னியப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து சைகோனில் இருந்தபோது அனுப்பியவை. அட்டைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரே சேதிதான் இருக்கும். சுகம். இங்கே மணல் வெள்ளையாக இருக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

புருஷன் போன வருஷங்களை அஞ்சலாட்சி அந்த அட்டைகளை வைத்துத்தான் கழித்தாள். பகலெல்லாம் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் களையெடுப்பாள். விளக்கு வைத்துவிட்டு, பெண் கமலாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். இன்றைக்கு இந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார், நேற்று அந்தப் படகோரம் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். வெறும் மரமாக இருந்த படத்தில் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பழகிப்போயிற்று.

"கடலப் பாக்கணும்னா நம்மூர்ல இல்லாத கடலா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது கரையை இடிக்கிற கடல். மாசிமகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது ஈரமணலில் நின்று தலையில் தெளித்துக்கொண்டு வருவதோடு சரி. அட்டையிலிருந்த கடலோ ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அப்படி ஒரு தண்ணீரில் ஒரு தடவையாவது இறங்கி உட்கார வேண்டும், பக்கத்தில் அவர் இருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் கையிலிருந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்து இரண்டாம் வருஷம் கன்னியப்பன் திரும்பி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பென்சன் வந்தது, வீட்டுக்கு ஓடு மாற்றினார், இரண்டு ஆடு வாங்கிக் கட்டினார். ஆனால் வாய் திறந்து பேசுவது குறைந்துபோயிருந்தது. "அந்தத் தென்ன மரம் இருக்கே, அது எந்த ஊரு?" என்று அஞ்சலாட்சி கேட்டால், "அந்தப் பக்கந்தான்" என்பார். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அவ்ளோ தூரம் நம்மால போவ முடியாது. ராமேஸ்வரம் தீவுதானே? ரயில்லயே போயிடலாமாம். ரெண்டு பேரும் ஒரு வாட்டி போய்ட்டு வருவமா?"

கன்னியப்பன் கையிலெடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். "கடலா? ஐயோ, போதும்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவள் ஆசை அதோடு அடங்கவில்லை. இரண்டு வீடு தள்ளி ரமீஜா இருந்தாள். அஞ்சலாட்சியைவிட நாலைந்து வயது மூத்தவள். தாய்வீடு பாம்பனில். அண்ணன் குத்புதீன் அங்கே சங்கு வியாபாரம் செய்தார். பிரெஞ்சுக்காரன் இருந்த கடைசி வருஷங்களில் எல்லைச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துச் சோதித்த காலத்திலும் ரமீஜா வருஷம் தவறாமல் போய்வந்தவள். சாவடி எடுத்த பிறகு கேட்க வேண்டுமா? அவள் கோழிக்குத் தவிடு பிசையும்போது அஞ்சலாட்சி பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள்.

"எப்டிக்கா போறது? செலவு இழுக்காம சொல்லு."

"மெயிலுக்குப் போவாத, பாசஞ்சர்ல போ. நேரமாவும், அதனாலென்னா? விழுப்புரத்துல மாறணும். பொம்பளைங்க பொட்டியா பாத்து ஏறிக்க. புளிச்சோறு கட்டிக்கிட்டா ரெண்டு நாளு கெடாது. தண்ணிக்குக் கூஜா எடுத்துக்க, தீவுல தண்ணி உப்புக் கரிக்கும். ஸ்டேஷன்ல எறங்குனதும் எடம் காட்றேன், சாமி காட்றேன்னு நாலு பேரு வந்து மொய்ப்பான். நின்னு பதில் சொன்னியோ, மாட்டிக்குவ. நீ எங்கண்ணன் வூட்ல தங்கிக்க."

"தண்ணில எறங்கலாமா?"

"அதுக்குக் காலம் பாக்கணும். மாசி, பங்குனில போ. வடக்குப் பக்கத்துக் கடலு சாதுவா இருக்கும். பொண்ணு கடல்னுதான் அங்க சொல்லுவாங்க. தெக்குப் பக்கத்துக் கடலு ஆம்பள கடலு, காலக்கூட நனைக்காத. பொண்ணு கடல்லயும் அடிய தூக்கித் தூக்கி வெக்கக்கூடாது, தேச்சுத் தேச்சு நடக்கணும். மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கும். மிதிச்சாத்தான் கொட்டும், கால் அரவம் கேட்டா அதுவே நவுந்துடும்."

இப்படிக் கேட்டுக் கேட்டு, போகாத தீவின் வழியெல்லாம் அஞ்சலாட்சிக்கு மனப்பாடமாயிற்று. வருஷம்தான் கூடிவரவில்லை. ஒரு மாசிக்கு மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அடுத்த மாசிக்குக் கமலாவின் கல்யாணம். பாகூரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண்ணும் போன பிறகு வீட்டில் இரண்டு பேரும் இரண்டு ஆடும்தான். 1959 தை முடிகிற சமயம் ரமீஜா வாசலில் நின்று, "நான் கெளம்புறேன். இந்த வாட்டியாச்சும் வரியா?" என்று கேட்டாள்.

அஞ்சலாட்சி உள்ளே வந்து புருஷனிடம் கேட்டாள். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊர் ஊரா தீவு பாத்துட்டு வந்தவருக்கு அலுத்துப்போச்சு. நான் இந்தச் செவுத்தையே பாத்துட்டு இருந்தவ. எனக்காவ ஒரு வாட்டி வரக்கூடாதா?"

"நான் எதையும் பாக்கல, அஞ்சல" என்றார் கன்னியப்பன்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கப்பல் கொழும்புல நிக்கும், சிங்கப்பூர்ல நிக்கும். சொல்தாங்கள எறங்க வுடமாட்டான். எல்லாத்தயும் கப்பலு ஓட்ட வழியாத்தான் பாத்தோம். படகுல வந்து சாமான் விக்கிறவன் கயித்துல கூடைய கட்டி அனுப்புவான், அதுல வாங்குன அட்டை ரெண்டு. மிச்சதெல்லாம் சைகோன் கடையில தொங்கிட்டிருந்தது. நான் கிடங்குக்குக் காவல் நின்னேன். மணலு வெள்ளையா கறுப்பான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அப்புறம் ஏன் அப்டி எழுதுனீங்க?"

"நீ சந்தோசப்படுவியேன்னுதான்."

அவள் கேட்காமலே மேலும் சொன்னார். திரும்பி வரும்போது காற்று மாறிக் கப்பலைப் புரட்டியெடுத்ததாம். மேல்கதவைச் சாத்திவிட்டார்களாம். கீழே காய்ச்சலில் கிடந்தவர்களில் மீனவக் குப்பமான பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த பாவாடை என்கிறவனும் ஒருவன். கடலிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் செத்ததும் துணியில் சுற்றித் தண்ணீரில் இறக்கியபோது கன்னியப்பனும் ஒரு முனையைப் பிடித்திருந்தார். "அதுலேர்ந்து தண்ணியப் பாத்தா கை மரத்துப் போவுது. நீ போய்ட்டு வா. நான் ஆட்டப் பாத்துக்கிறேன்."

அஞ்சலாட்சி அன்றைக்குச் சமையலறையிலேயே இருந்தாள். புருஷன் பொய் எழுதினார் என்கிற கோபம் ஒரு பக்கம். முழங்கால் தண்ணீரில் நின்ற ஆளை அத்தனை வருஷம் பார்த்தாளே, அவரை இழந்துவிட்டது போன்ற துக்கம் ஒரு பக்கம். ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு, இல்லாத மணலை அவளுக்காக எழுதின மனுஷனை நினைத்தபோது இரண்டும் கரைந்தன. அட்டைகளை அவள் கிழிக்கவில்லை. மறுநாள் புளி ஊறப்போட்டாள்.

ரயில் பாம்பன் பாலத்தில் ஏறிற்று. பக்கச் சுவர் கிடையாது. ஜன்னலுக்கு அந்தண்டை நேரே தண்ணீர். அஞ்சலாட்சி ரமீஜாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மட்டும் மூடவில்லை. குத்புதீன் வீட்டில் தங்கி, மறுநாள் தனுஷ்கோடி வண்டியில் போனார்கள். இரண்டு பக்கமும் மணல், நடுவில் தண்டவாளம். கடைசியில் நிலம் ஒடுங்கி ஒடுங்கி, வலப்பக்கம் ஒரு கடல், இடப்பக்கம் ஒரு கடல்.

பெண் கடல் உண்மையாகவே அசையாமல் கிடந்தது. அவள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, முழங்காலளவு வந்ததும் புடவையோடு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. விரல்களுக்கு நடுவே பொடிமீன் ஓடிற்று. வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. கரையில் முட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ரமீஜா, "என்னாடி, போதுமா?" என்று கத்தினாள். இத்தனை நாள் இது ஒன்றுதான் குறை என்று இருந்தாள். இதற்குள் வந்து உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் காலியாக இருந்த தண்ணீர்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஈரப்புடவையோடு சும்மா அந்தப் பக்கத்து ஆண் கடலைப் பார்க்கப் போனவள், ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டாள். திரும்பிப் போன அலை காலடி மணலை உருவிக்கொண்டு போயிற்று. முழங்கால் மடிந்தது. ஓடி வந்த ரமீஜா முடியைப் பிடித்தாளோ தோளைப் பிடித்தாளோ, இழுத்துக் கரையில் போட்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று திட்டிக்கொண்டே அழுதாள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சியின் கண்ணுக்கெதிரே இலங்கைக்குப் போகிற தலைமன்னார் கப்பல் புகைவிட்டுக்கொண்டு புறப்பட்டது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊர் திரும்பியபோது ஸ்டேஷனில் கன்னியப்பன் நின்றிருந்தார். மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவர், கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"மணலு எப்டி இருந்துச்சு?"

அவள் சொன்னாள். மீன் ஓடினதைச் சொன்னாள், பாலத்தைச் சொன்னாள். அலை இழுத்துப்போகப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். வீடு வந்த பிறகும் கேட்டார். "வர மாசிக்கு நானும் வரேன்" என்றார்.

வந்த மாசிக்கு அவர் வரவில்லை, ஆட்டுக்குக் காணை நோய் என்று காரணம் சொன்னார். அதற்கடுத்த மாசிக்கு அவளும் ரமீஜாவும் கிளம்பியபோது கூடவே வந்தார். ராத்திரி முழுக்க நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். பாலத்துக்கு முந்தின ஸ்டேஷனான மண்டபத்தில் வண்டி நின்றபோது முன்னால் தண்ணீர் தெரிந்தது. கன்னியப்பன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். அஞ்சலாட்சி மூட்டையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள். ரமீஜாவை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி பாலத்துக்குப் போயிற்று.

"நீ போயிருக்கலாமே" என்றார்.

"அந்தத் தீவ நான் பாத்துட்டேன்" என்றாள் அவள்.

மண்டபத்துக் கரையில் ஒரு உடைமரத்து நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தார்கள். எதிரே தீவு பச்சைக் கோடாகக் கிடந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவ அவர் தண்ணீரோரம் போனார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் நனைகிற வரைக்கும் நடந்தார். அஞ்சலாட்சி கூப்பிடவில்லை, கிட்டேயும் போகவில்லை. அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. திரும்பி வந்து, "பாவாடை இருந்திருந்தா நீச்சலடிச்சே போயிருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

1962 மாசியிலும் மண்டபம் வரைக்கும் சேர்ந்து போனார்கள். அவர் மூட்டையோடு இறங்கிக்கொண்டார். "நீ போ, அஞ்சல. சாயங்கால வண்டிக்கு இங்கயே நிப்பேன்." அவள் ரமீஜாவோடு மேலே போனாள். வண்டி பாலத்தில் ஊர்ந்தபோது கரையைத் திரும்பிப் பார்த்தாள். உடைமரங்களுக்குக் கீழே இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். யார் அவர் என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. எல்லாருக்கும் சேர்த்துக் கையை ஆட்டினாள்.