அந்த நைலான் இழை என்னுடையது

இந்த நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். மகனுக்குச் சளி. மூக்கடைத்தால் என் தோளில்தான் தூங்குவான். இப்போதுதான் இறக்கிப் படுக்க வைத்தேன். விடியட்டும் என்று விட்டால் எழுதாமலே இருந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை நம் கம்பெனி பஸ் சோழவரத்தில் நின்றபோது ரேவதி அக்கா நிறுத்தத்தில் இல்லை. ஓட்டுநர் முனுசாமி அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அக்காவின் எதிர்வீட்டுக்காரர் வந்து படியில் ஏறாமலே சொன்னார்: “அது பூட்ச்சுப்பா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.” அண்ணன் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் எனக்கு முதலில் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘இனி யாருக்கும் தெரியப்போவதில்லை’ என்ற நினைப்புதான் முதலில் வந்தது. ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். ஆனாலும் வந்தது.

மகன் பிறந்த ஐந்தாம் மாதம் எனக்குப் புழுவெட்டு வந்தது. தலையில் மூன்று இடங்களில் வட்ட வட்டமாக முடி போயிற்று. சின்ன வெங்காயம் தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் எரிந்தது. சலைன் குழாய்களைப் பாக்கெட்டில் போட்டு மூடும் நம் பிரிவில் எல்லோரும் தலைக்கு உறை மாட்டுவதால் யாரும் பார்க்கவில்லை. உடை மாற்றும் அறையில் ரேவதி அக்கா ஒருவர்தான் பார்த்தார். “மூணு வட்டத்துக்கா மூஞ்சிய இப்டி வெச்சுக்கினு இருக்க? எனக்கு கல்யாணமான மறுவருஷமே மொத்தமும் பூட்ச்சு” என்றார். அவர் தலையில் இருந்தது விக் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் பயணம் செய்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். விக் என்றால் ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தேன். உச்சிக்கு மட்டும் கிளிப் போட்டு மாட்டுவது, தலை முழுவதும் தொப்பிபோல் இறங்குவது, முன்பக்கம் லேஸ் வலையில் ஒவ்வொரு முடியாகக் கட்டி, நம் சொந்த நெற்றி என்றே நம்ப வைப்பது என்று ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிக் காட்டினார். என் கைக்கு எட்டியது நைலான். “நைலானு அடுப்புக்கு ஆகாது. தோசக்கல்லுகிட்ட குனிஞ்சா முன்னாடி சுருண்டுக்கும். வேலைக்கும் வெச்சுக்கினு வராத, இழை உதிரும்” என்று சொல்லி, வேலைக்காகத் தன்னுடைய பழைய நிஜ முடி விக்கையும் அதைச் சீவ ஓர் அகலப் பல் சீப்பையும் கொடுத்தார். “இது யாரோ சாமிக்குக் குடுத்த முடி. இத வெச்சுக்கினு பொய் சொல்லாத.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

புருவத்துக்கு மேல் நான்கு விரல் அளந்து வைக்கவும், பின்னாலிருந்து முன்னால் இழுக்காமல் முன்னாலிருந்து பின்னால் இறக்கவும் கற்றுக்கொண்டேன். “வகிட்டுல குங்குமம் வெக்காத, லேஸ் செவந்துடும். ஜன்னல் சீட்டுல குந்தாத, காத்து நம்ம ஆளு இல்ல.” முதன்முதலாக எனக்குப் பூ வைத்துவிட்டபோது, கொண்டை ஊசியைப் பார்த்து நான் தலையை இழுத்துக்கொண்டேன். “அட, அதுக்கு வலிக்காது” என்றார்.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம்.

சென்ற ஆண்டு மூடிய பாக்கெட் ஒன்றில் நீளமான முடி கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மேற்பார்வையாளர் நம் எல்லோரையும் வெளியே அழைத்து, அதன் நுனியில் தீக்குச்சியைக் காட்டினார். முடி கருகும் நாற்றம் வரவில்லை. நுனி உருகிச் சின்ன மணியாகச் சுருண்டது. “இது முடி இல்ல, நைலான். யார் விக் வெச்சிருக்கீங்க?” என்றார். முந்தைய இரவு மகன் என் தோளில் வாந்தி எடுத்ததில் நிஜ முடி விக்கை அலசிப் போட்டிருந்தேன். அது காய ஒரு நாள் ஆகும். அன்று என் தலையில் இருந்தது நைலான். ஒப்பந்த வேலை, நீட்டிப்பார்களா என்று தெரியாத மாதம். “ரேவதி அக்காதான் விக் வெக்கிறாங்க சார்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். தன் உறையை லேசாகத் தூக்கி, தன் நிஜ முடி விக்கின் ஓரத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொளுத்திக் காட்டியிருந்தால் போதும், அந்த நாற்றமே சாட்சி சொல்லியிருக்கும். “ஆமா சார், என்னுதுதான்” என்றார்.

அவரைப் பிளாஸ்டிக் கழிவு அரைக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அன்று மாலை பஸ்ஸில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இன்னா, நான் குடுத்தத வெச்சுக்கினு வரலியா?” “கொழந்த வாந்தி எடுத்துட்டான்க்கா, காயல.” “அதுக்குத்தான் ரெண்டு வேணுங்கிறது” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கேன்டீனில் நம்மில் ஒருத்தி, “டோப்பாக்கா, காத்தடிக்குது, புடிச்சுக்கோ” என்றதும், “நான் புடிச்சுக்கினுதான் கீறேன். உன் வாயத்தான் யாரும் புடிக்கல” என்று அவர் சொன்னதும் நினைவிருக்கும். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவள் நான்.

சாவு வீட்டில் அவர் மகள் கீர்த்தனாதான் அம்மாவுக்கு விக்கை வைத்திருந்தாள். பிளஸ் டூ படிக்கும் பெண். யாரோ வகிட்டில் குங்குமம் இட வந்தபோது கையைப் பிடித்தாள். “வகிட்டுல வேணாம் அத்த, லேஸ் செவந்துடும்.” பிறகு என் பக்கம் வந்து நின்றாள். “ஆன்ட்டி, எங்கம்மா பாக்கெட்ல முடி விட்டுட்டாங்கன்னுதான் கொட்டாயில போட்டாங்களாமே, நெஜமா? எங்கிட்ட சொல்லவே இல்ல.” நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் அதையே செய்தேன்.

நாளைக் காலை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவேன். அதற்கு என்ன ஆனாலும் ஆகட்டும். கீர்த்தனாவிடம் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ரேவதி அக்காவுடையது என்று என்னிடம் இருப்பவை அந்தப் பழைய நிஜ முடி விக்கும், அகலப் பல் சீப்பும், “என்னுதுதான்” என்ற அந்த ஒரு சொல்லும். முதல் இரண்டையும் அவர் கொடுத்தார். மூன்றாவதை அவரிடமிருந்து பறித்தது நான். அதைத்தான் அவர் மகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை காரியம். நான் சொல்லும்போது, அன்று அந்தத் தீக்குச்சியைப் பார்த்தவர்கள் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் பாதியில் நிறுத்தினால் நீங்கள் மீதியைச் சொல்லுங்கள். யார் யார் வருவீர்கள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.