ஞாயிற்றுக்கிழமை மெயின்டெனன்ஸ்

நெய்வேலியில் துணி துவைக்கிற பெண்களிடம் எதையும் மறைக்க முடியாது. சுரங்கத்துக்குப் போய் வந்தவரின் காக்கிச் சட்டையை வாளியில் முக்கினால் முதல் தண்ணீர் கஷாயம் மாதிரி இறங்கும். இரண்டாம் தண்ணீரிலும் பழுப்பு போகாது. மழைக்காலமென்றால் களிமண்ணும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்காரர் உள்ளே இறங்கி வேலை பார்த்தாரா, மேலே ஆபீசில் உட்கார்ந்திருந்தாரா என்பதை வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான் என்றாலும் வந்த சில மாதங்களிலேயே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பாவுக்குத்தான் இப்படியொரு வித்தை இருப்பதே தெரியாது. அவர் ஒருநாளும் துணி துவைத்ததில்லை.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன். வெட்டியெடுத்த மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் ஓடுகிற ரப்பர் பெல்ட்டுகளுக்கு அவர் பொறுப்பு. பெல்ட் நின்றாலும் அவர் பதில் சொல்ல வேண்டும், ஓடுகிற பெல்ட் பக்கத்தில் எவனாவது அசட்டையாக நின்றாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஃபோர்மேன் முகத்தை அவர் சுரங்கத்துக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் அல்லர். சாப்பிடும்போதுகூடத் தூரத்தில் ஏதோ சத்தம் மாறிவிட்டதுபோலத் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். நானும் அம்மாவும் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டால் எங்கள் சிரிப்பு தானாக நின்றுவிடும். அடிக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. எங்களோடு சேர்ந்து சிரித்ததும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எதிர் குவார்ட்டர்ஸில் டிவி வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் கார்ட்டூன் வரும். ஒரு கரடி, ஒரு பெருச்சாளி. பெருச்சாளியைப் பிடிப்பதற்காகக் கரடி மண்வெட்டியால் தோண்டும், பிறகு இயந்திரம் வைத்துத் தோண்டும், பிறகு வெடி வைக்கும். ஒவ்வொரு தடவையும் குழி சரிந்து கரடி தலையிலேயே விழும். அப்பளமாக நசுங்கிய கரடி, தன்னைத்தானே தரையிலிருந்து உரித்தெடுத்து, நாலு உதறு உதறிக்கொண்டு, மறுபடியும் மண்வெட்டியைத் தூக்கும். அதில் பேச்சே கிடையாது என்பதால் எனக்கு எல்லாம் புரிந்தது. வாரத்தின் மற்ற நாட்கள் எல்லாம் அந்தக் கரடிக்காகத்தான் வந்து போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "பொம்மை பாத்துப் பாத்துப் புத்தி மழுங்கிரும்" என்றார். எங்கள் வீட்டில் டிவி வாங்குகிற பேச்சும் அன்றோடு நின்றது. அதன்பின் அந்த நேரத்தில் எனக்குப் பெருக்கல் கணக்கு. எதிர்வீட்டிலிருந்து கரடி விழுகிற இசை மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். எந்த இடத்தில் குழி சரிகிறது என்பதை இசையை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டு நான் பெருக்குவேன். விடை ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வந்தது. "பெல்ட்டை நிறுத்திப் பாக்காங்க. மெயின்டெனன்ஸ். காலைல ரெண்டு மணி நேரம் போணும்" என்றார். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புவார். அம்மா டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்புவாள். பதினொரு மணிவாக்கில் திரும்பி வந்துவிடுவார்.

முதல் வாரம் அந்தச் சட்டையை அம்மா வாளியில் முக்கினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. சட்டையைத் திருப்பிப்போட்டுக் கசக்கினாள். சோப்பு நுரை வெள்ளையாகவே நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அம்மா முக்குவதற்கு முன்னால் சட்டைக் காலரை மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

எதிர்வீட்டு அத்தை கம்மாபுரத்துக்காரி. அவர் வீட்டுக்காரரும் அப்பாவின் பிரிவுதான். ஒருநாள் குழாயடியில் நின்றுகொண்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "எங்கூட்டுக்காரரு இழுத்துப் போத்திக்கினு தூங்கறாருங்க. ஞாயித்துக்கெழமையில இன்னாங்க மெயின்டெனன்ஸு?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், "ஃபோர்மேனுங்களுக்கு மட்டும் இருக்குமோ என்னமோ. வூட்டுல பால அடுப்புல வச்சுட்டு வந்துட்டேனுங்க" என்று குடத்தை நிரப்பாமலே போய்விட்டார்.

டவுன்ஷிப்பில் ஒரு கதை உண்டு. இன்னொரு பிளாக்கில் யாரோ ஒருவர் நைட் ஷிஃப்ட் என்று சொல்லிச் சொல்லியே இரண்டாவது குடும்பம் நடத்தினாராம். எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கதை தெரியும், யாருக்கும் ஆள் யாரென்று தெரியாது. அழுக்காகாத யூனிஃபார்ம் என்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஊரிலிருக்கிற மாமாவை வரச்சொல்லி எழுதிவிட்டு, அந்தச் சனிக்கிழமை பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். என் பாவாடை சட்டைகளும் அதற்குள் போயின.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்டேன்.

"மாமா நாளைக்கு மத்தியானம் வந்துருவான். அதுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"எனக்குப் பள்ளிக்கூடம்?"

"திருநவேலியிலயும் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவின் சைக்கிள் கேட்டைத் தாண்டியதும் அம்மா என் தோளைத் தொட்டாள். "பின்னாலயே போ. எந்த வீட்டுல ஏறுதாருன்னு மட்டும் பாத்துட்டு வா. நீ நிக்கிறது தெரியக்கூடாது." 'வீடு' என்றுதான் சொன்னாள். அவள் மனதில் வீடே கட்டி முடிந்துவிட்டிருந்தது.

அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். மரநிழலில் பதுங்கிப் பதுங்கி ஓடினேன். சுரங்கத்துக்குப் போகிற சாலை வலப்பக்கம். அப்பா இடப்பக்கம் திரும்பினார். அது நான் அதுவரை போகாத பிளாக். ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அந்த இடத்தில் சைக்கிளை மெதுவாக்கினார். கடவுளே, இந்த வீடாக இருக்கக் கூடாது, பச்சைக் கேட் போட்ட அடுத்த வீடாகவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு நாய் குறுக்கே போனது. அதற்காகத்தான் மெதுவாக்கியிருக்கிறார். அவர் பெடலை மிதித்துப் போய்க்கொண்டே இருந்தார்.

கடைசியில் சைக்கிள் நின்றது பேச்சிலர் ஹாஸ்டலில். கல்யாணமாகாதவர்கள் தங்குகிற இடம். அந்தப் பக்கம் பெண்களோ பிள்ளைகளோ போவதில்லை. அப்பா ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வேலியோரமாகச் சுற்றி வந்து, ஒரு ஜன்னலடியில் கிடந்த செங்கல் மேல் ஏறி நின்று கம்பிவலை வழியாகப் பார்த்தேன்.

லுங்கியும் பனியனுமாகப் பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முழு யூனிஃபார்மில் என் அப்பா. மடியில் ஹெல்மெட். எதிரே ஸ்டாண்டில் டிவி. அதில் கரடி.

குழி சரிந்தது. கரடி நசுங்கியது. அப்பா சிரித்தார். அவருக்குப் பற்கள் இத்தனை இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவன் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "எந்திரிச்சிட்டான் பாரு, எந்திரிச்சிட்டான் பாரு" என்று அந்தக் கரடியைக் காட்டிச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. என் கரடியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டு இங்கே வந்து தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்ததும் ஆத்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடினேன். இதைச் சொன்னால் போதும், பாவாடை சட்டையெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும்.

மூச்சிரைக்க அம்மாவிடம் சொன்னேன். "அப்பா கார்ட்டூன் பாக்குறாங்கம்மா. கரடி கார்ட்டூன்."

அம்மா பளீரென்று ஒரு அறை விட்டாள். "அவரு இப்படிச் சொல்லச் சொன்னாராக்கும்? வழியில உன்னைப் பாத்துட்டாரு, அதானே?"

உண்மையைச் சொல்லி அடி வாங்கியது அதுதான் முதல் தடவை. பொய்யாக ஒரு வீட்டையும் மஞ்சள் புடவையையும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் அழுதுகொண்டே, "நீயே வந்து பாரு" என்றேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

நடக்கும்போது எனக்கு ஒரே கவலை, கார்ட்டூன் முடிந்துவிடுமோ என்பதுதான். நான் ஓடி வந்ததிலேயே பாதி முடிந்திருக்கும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போட்டுவிட்டால்கூடப் போச்சு. அப்பா எழுந்து வேறெங்காவது போயிருந்தால் நான் பொய்க்காரி, மத்தியானம் மாமாவோடு பஸ் ஏற வேண்டியதுதான். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று, "எங்கங்க வேகமா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "கோயிலுக்கு" என்றாள் அம்மா. தட்டும் இல்லை, பூவும் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஜன்னலடிக்கு வரும்போதே இசை கேட்டது. முடிவுக்கு முன்னால் வருகிற, கரடி கடைசியாக ஒரு தடவை தோண்டுகிற இசை. செங்கல்லில் நான் ஏறவில்லை. அம்மாவுக்குச் செங்கல் தேவைப்படவில்லை. கம்பிவலையில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் சிரிப்பு வந்தது. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் தெளியும், என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அடித்த கன்னத்தைத் தடவுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சத்தம் காட்டாமல் திரும்பி நடந்தாள். அந்த பிளாக்கைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடிக்கு வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வேறு வீடு இல்லை, பெண் இல்லை, ஒன்றுமே இல்லை. அழுகிறாள்.

"கார்ட்டூன்தானேம்மா" என்றேன்.

"ஆமாட்டி. கார்ட்டூன்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

இன்றைக்கு எனக்கு அப்பாவின் அன்றைய வயதைவிட வயது அதிகம். நானும் கார்ட்டூன் பார்க்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு. குழி சரிவதையும் பெல்ட் ஆளை இழுப்பதையும் ஷிஃப்ட் முழுக்கப் பயந்துகொண்டே பார்த்திருந்த மனிதருக்கு, நசுங்கியவன் எழுந்து உதறிக்கொண்டு போகிற ஓர் உலகம் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அம்மாவின் அழுகையும் தெரிகிறது. அங்கே இருந்தது இன்னொருத்தியாக இருந்திருந்தால் அம்மாவுக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். தன் புருஷன் சிரிக்கிறதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அது தன் வீடு இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பதினொரு மணிக்கு அப்பா வழக்கமான முகத்தோடு வந்தார். "பெல்ட்டு சரியாயிட்டா?" என்று அம்மா கேட்டாள். "ஆச்சு. அடுத்த வாரமும் போணும்" என்றார். "போயிட்டு வாங்க" என்றாள். மத்தியானம் வந்த மாமாவுக்கு மீன்குழம்பு வைத்து, பாக்கணும்போல இருந்துச்சு, அதான் எழுதினேன் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். பெட்டி பரணுக்குப் போனது. அந்தக் காக்கிச் சட்டையை மறுநாளும் ஊறவைத்துத் துவைத்து, தெளிந்த தண்ணீரை முற்றத்து முருங்கைக்கு ஊற்றினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸில் முறுக்கு அதிகம் இருந்தது. பெஞ்சிலிருந்த பத்துப் பேருக்கும் அது போதும்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டிலும் டிவி வந்தது. அம்மா ஒரே பிடியாக நின்று வாங்க வைத்தாள். மெயின்டெனன்ஸ் தானாக நின்றுபோனது. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் டிவிக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கரடி விழுந்தது, நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கல்போல உட்கார்ந்திருந்தார். அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இசை தொடங்கியதும், "ஏட்டி, கீரை ஆய வா" என்று கூப்பிட்டாள். நான் கெஞ்சினேன், காலை உதைத்துக்கொண்டு அழுதேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அடுப்படிக் கதவைப் பாதி சாத்தினாள். கீரைக்கட்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூடத்திலிருந்து முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அது சிரிப்பாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிற ஒருவரின் சிரிப்பு.

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். "சும்மா இருட்டி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உலகத்திலேயே பெரிய அநியாயம் எனக்குத்தான் நடக்கிறது என்று நினைத்து நான் தேம்பினேன். எனக்கு வர வேண்டிய கரடியை எதற்காக அப்பாவுக்கு மட்டும் கொடுத்துவிட்டாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.