மன்னாருக்குப் போகாத புல்வெட்டி

அது நடந்தது வெள்ளிக்கிழமை என்றுதான் உம்மா இன்றுவரை சொல்கிறார். வெள்ளியாக இருக்க முடியாது. வெள்ளி பகலில் மாமா ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்து, வெள்ளை உடுத்தியிருப்பார். அன்றைக்கோ முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பாக நின்றார். போதாததற்கு, நாலாம் வகுப்பில் நான் நாள்தோறும் எழுதிவந்த கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் வியாழக்கிழமை என்றே இருக்கிறது.

குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு சிறிய ஹோட்டலுக்கு வாப்பா காவற்காரர். வெளிநாட்டில் இருந்த முதலாளி இரண்டு சீசன் நடத்திப் பார்த்துவிட்டுப் பூட்டிப் போட்டிருந்தார். பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். வேலை போனால் அந்த அறைகளும் போய்விடும். இது வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி தொலைபேசியில் பேசினார். சனிக்கிழமை வருகிறாராம். ஹோட்டலைத் திரும்பத் திறக்கும் யோசனை இருக்கிறதாம். எல்லாம் ஒழுங்காக இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் போடுவாராம். கடைசியாக, புல்வெட்டும் மெசின் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இரிக்கு சேர்," என்றார் வாப்பா.

வாப்பா பொய் சொல்லிப் பழகாதவர். ஆகவே ஒன்று சொல்ல வேண்டி வந்தபோது அளவு தெரியாமல் பெரிதாகச் சொல்லிவிட்டார். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற அந்தச் சிவப்பு மெசின் மூன்று வருடமாகத் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் கிடந்தது. உப்புக்காற்றில் அதன் சிவப்பு பாதி உதிர்ந்திருந்தது. முன் சக்கரம் ஒன்றில் காற்றில்லை. அதை உயிருள்ளதாக நினைத்த ஒரே ஆள் நான். எனக்கு அது மன்னார் பஸ். பின்னேரங்களில் அதன் மேல் ஏறி, மிதிக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு, பெரியும்மா வீட்டுக்குப் போய் வருவேன். மன்னாரில் கழுதைகள் தெருவில் நடக்கும் என்று பெரியும்மா சொல்லியிருந்தார். நான் கழுதை பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வாப்பா கத்தியால் வெட்டத் தொடங்கினார். மாரி மழைக்குப் பிறகு புல் என் இடுப்பளவு நின்றது. கூலிக்கு வரக்கூடியவர்கள் எல்லோரும் வெங்காயத் தோட்டங்களில் இருந்தார்கள். பொழுது சாயும்போது கிணற்றைச் சுற்றி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. அன்று உம்மா அலுமாரியைத் திறந்து உடுப்புகளை இரண்டு பைகளில் அடுக்கினார்.

"எங்க போற உம்மா?"

"பெரியும்மாட வீட்ட போக வேண்டி வரும் போல."

"எத்தின நாளைக்கு?"

"பாப்பம் மகள்."

வாப்பா வாசலில் உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தபடி, "மெசின் ஓடிட்டா போகத் தேவையில்ல," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மெசின் ஓடக்கூடாது என்று துஆ கேட்டேன்.

புதன்கிழமை கற்பிட்டியிலிருந்து மாமா தன் ஓட்டோவில் வந்தார். உம்மாவின் தம்பி, தோணி எஞ்சின் திருத்துகிறவர். மூடியைத் திறந்ததும் தும்பும் துணியும் சேர்த்து எலி கட்டிய கூடு வந்தது. தாங்கியில் பெட்ரோல் பிசினாகியிருந்தது. காபரேட்டரைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் பரப்பி, பெட்ரோலில் கழுவினார். புதிய பிளக் போட்டார், சக்கரத்துக்குக் காற்றடித்தார். துருப்பிடித்து இறுகியிருந்த வெட்டுத்தகடுகளை மண்ணெண்ணெய் ஊற்றி அசைத்தார். மெசினின் பற்றரி செத்திருந்ததால் ஓட்டோவின் பற்றரியைக் கழற்றிப் பூட்டினார்.

வியாழன் நான் பள்ளி விட்டு வந்தபோது இடப்பக்கம் மாமா, வலப்பக்கம் வாப்பா. மாமா சாவியைத் திருப்பினார். முன் விளக்குகள் எரிந்தன. எஞ்சினில் ஒரு முனகல்கூட இல்லை.

"கரண்ட் இரிக்கு, எண்ணெய் இரிக்கு. இதுக்கு வேற என்னத்தத் தான் குடுக்கிற?" என்றார் மாமா.

"நீ வள்ளத்து மெக்கானிக் மச்சான். இத கடல்ல தள்ளினா ஓடுமோ என்னமோ."

தோணி எஞ்சினையும் தோட்டத்துத் தண்ணீர் மெசினையும் பக்கத்தில் நின்று இயக்கிப் பழகியவர்கள் இருவரும். ஓடாத எஞ்சின் மேல் ஏறி உட்காருவது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இருபது தடவையாவது திருப்பியிருப்பார்கள். நான் தூணைக் கட்டிப்பிடித்து மனதுக்குள் கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது உம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். இரண்டு நாளாகச் சாமான் கட்டியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. தட்டை மெசின் மூடியின் மேல் வைத்துவிட்டு, கொட்டிலுக்குள் இருந்த ஒரே ஆசனமான அதன் இருக்கையில் உட்கார்ந்தார். கால் வைக்க வேறு இடமில்லாததால் மிதியில் வைத்து அழுத்தினார்.

"போதும். தேத்தண்ணியக் குடிங்க. சனிக்கிழம அந்த மனிசன்ட உண்மையச் சொல்லிட்டு நாங்க போவம்."

மாமா கைப்பழக்கத்தில் இன்னொரு தடவை சாவியைத் திருப்பினார்.

மெசின் இருமியது. கறுப்புப் புகை கக்கி, கொட்டில் கிடுகெல்லாம் நடுங்க ஓடத் தொடங்கியது. தட்டு சரிந்து தேநீர் கொட்டியது. "யா அல்லாஹ்!" என்று உம்மா பாய்ந்து இறங்கினார். உடனே எஞ்சின் நின்றது.

"ராத்தா! திருப்பி ஏறுங்க!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார் மாமா.

"எனக்கு ஏலா! பேய் பிடிச்ச சாமான்!"

வாப்பா உம்மாவின் கையைப் பிடித்து ஏற்றாத குறை. ஏறி மிதித்துச் சாவியைத் திருப்பியதும் ஓடியது, இறங்கியதும் நின்றது. மூன்றாவது தடவை மாமா ஆசனத்தின் அடியில் தலையை நுழைத்துப் பார்த்தார். ஆள் உட்கார்ந்து பிறேக்கை மிதித்தால்தான் எஞ்சின் பிடிப்பதற்கும், ஆள் இறங்கினால் நிற்பதற்குமென்று அங்கே ஒரு சுவிட்சும் கம்பியும் இருந்தன.

"உம்மாட சொல்லுக்குத்தான் கட்டுப்படுது," என்றார் வாப்பா. "வீடு மாதிரித்தான்."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் அழுதேன். சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

அன்று பொழுது சாயும்வரையும் வெள்ளி ஜும்ஆ முடிந்தும் வாப்பா வெட்டினார். மாமா பற்றரியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊர் போனார். சனிக்கிழமை, நிறுத்தினால் திரும்ப இயங்காதோ என்ற பயத்தில் வாப்பா விடியக்காலையிலேயே மெசினை ஓடவிட்டு, முதலாளியின் வாகனம் வரும்வரை இறங்கவே இல்லை. முதலாளி புல்லைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த இரண்டு அறைகளில் மேலும் ஆறு வருடம் இருந்தோம்.

இவற்றில் பாதியை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொப்பியில் அந்த வியாழக்கிழமைக்கு, பென்சில் தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"மெசின் ஓடிட்டு. மன்னார் இல்லை. உம்மா பையில் இருந்த உடுப்பை எல்லாம் திரும்ப அலுமாரியில் அடுக்குகிறா. சிரிச்சு சிரிச்சு அடுக்குகிறா. ஏன் என்று தெரியாது."