வாசல் வாளி

யசிந்தாவின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெட்டுத்தழும்பு. வெட்டியவன் சியுனே, அவள் கணவன் போமாயின் அண்ணன்.

பப்புவா நியூ கினியின் சிம்பு மலையில் பிளாஸ்டிக் நாப்கினைப் புதைத்தால், பன்றி கிளறி நடுவழியில் இழுத்துப் போட்டுவிடும். அதனால்தான் யசிந்தா கையால் சுற்றும் தையல் மிஷினில் துணி நாப்கின் தைத்துச் சந்தையில் விற்றாள். துவைத்து வெயிலில் காயவைத்தால் வருஷக்கணக்கில் வரும். அந்த வெயில்தான் வினையாயிற்று. தீட்டுத் துணிக்குக் கீழே ஆண் நடந்தால் எலும்பு உருகிச் சாவான் என்பது அங்கே நம்பிக்கை. எதிரியின் அம்புக்கு நெஞ்சைக் காட்டும் வீரர்கள், ஒரு முழத் துணிக்கு நடுங்குவார்கள்!

ஒரு வாரம் விடாத மழை. வெயில் எட்டிப் பார்த்ததும் அவசரத்தில் தன் தீட்டுத் துணிகளை முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டாள். பன்றியைத் துரத்தி வந்த சியுனே கொடிக்கடியில் குனிந்து போனான். நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல்.

காய்ச்சலோடே கத்தியைத் தூக்கிக்கொண்டு ஆள் கூட்டி வந்தான். வேலிக்கதவைத் திறந்துவிட்டவன் போமாய், புண்ணியவான்.

“என்னைக் கொல்லத்தானேடி துணியத் தொங்கவிட்ட?” என்றான் சியுனே.

“அத்தான், அது கொசுக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“வாய மூடு! மிஷினையும் இவளையும் சேத்துக் கொளுத்துங்கடா!”

முதல் வெட்டைக் கையால் தடுத்தாள். எலும்பு தெரிந்தது. போமாய் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து விலாவில் உதைத்தான். ஒருவன் தீப்பந்தத்தோடு கூரையை நெருங்கினான். உள்ளே மிஷின். அது போனால் இந்த மிருகங்களின் கையை எதிர்பார்த்தே அவள் சாக வேண்டும்.

தவழ்ந்து போய், தீட்டுத் துணி ஊறவைத்திருந்த வாளியை இடக்கையால் தூக்கினாள். தண்ணீர் சிவந்திருந்தது.

“வாங்கடா! எவன் ஆம்பளையோ அவன் முதல்ல வா! தலையோட ஊத்துறேன்!”

ஒருவன் காலும் நகரவில்லை. அவளே வீசினாள். போமாயின் முகத்தில் அடித்தது. அவன் அலறிய அலறலைப் பன்றி அறுக்கும்போதுகூட அந்த ஊர் கேட்டதில்லை. கத்தி, பந்தம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால், வல்லவளுக்கு வாளி போதாதா?

போமாய் சாகவில்லை. எலும்பும் உருகவில்லை. எப்போதாவது வேலிக்கு வெளியே வந்து நிற்பான்.

“யசிந்தா, கதவத் திறயேன்.”

“திறந்துதான் இருக்கு. கொடிக்கடியில குனிஞ்சு வா.”

அவன் போய்விடுவான்.

அவள் இன்றும் தைக்கிறாள். வாளி வாசலிலேயே இருக்கிறது. அதில் பெரும்பாலான நாள் இருப்பது வெறும் மழைத்தண்ணீர். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.