முதலாளி போட்ட கும்பிடு

புசான் ஷூ கம்பெனியில் மான்சு எனக்குப் பக்கத்து மெஷின். என்னைவிடச் சின்னவன், சோல் ஒட்டுவான், அதுவும் கோணலாக. ஆனால் முதலாளியும் தொழிலாளிகளும் ஒரே வம்சம்; எங்கள் வம்சத்தில் வயதைவிடத் தலைமுறைக்குத்தான் மரியாதை. அந்த முறையில் அவன் முதலாளி சங்குனுக்கே சித்தப்பா. எனக்குத் தாத்தா.

அறுவடைத் திருநாளில் முன்னோருக்குப் படைத்து முடிந்ததும், நரைத்த தலை முதலாளி மான்சு முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகு இரண்டு கையாலும் அரிசி மது ஊற்றிக் கொடுத்தார்.

"சித்தப்பா, ஏற்றுமதி ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. ஞாயித்துக்கிழமையும் நம்ம ஆளுங்க வந்தா தேவல. நீங்க பெரியவரு, ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அதுக்கென்ன சங்குன், எல்லாரும் வருவாங்க. நான் சொல்லிட்டேன்ல."

முறையில் பெரியவர் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது? இப்போது ஞாயிறும் மெஷின் ஓடுகிறது. முதலாளி புதுக் கட்டடம் எழுப்புகிறார். மான்சு அதே மெஷினில்தான் நிற்கிறான்.

"தாத்தா, சோல் கோணுது."

"பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசுறது?"

ஞாயிறு போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஞாயிறைக் கேட்டு என் காலில் யாரும் விழவில்லையே.